புரை ஏறாத நாட்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியலில் மனிதப் பரிணாமம் நடத்தும்போது ஆண்டு தவறாமல் ஒரு கேள்வி வரும். "மிஸ், குரங்குலேர்ந்து மனுசன் வந்தான்னா இப்ப இருக்கிற குரங்கு ஏன் மிஸ் இன்னும் குரங்காவே இருக்கு?" கேட்டுவிட்டுப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். குரங்கிலிருந்து நாம் வரவில்லை, அதற்கும் நமக்கும் பொதுவாக ஒரு முன்னோர் இருந்தார், உன் பெரியப்பா மகன் அவன் வீட்டில் இருக்கிறான், நீ உன் வீட்டில் இருக்கிறாய், அவன் ஏன் இன்னும் நீயாக மாறவில்லை என்று போய்க் கேட்பாயா என்று பொரிந்து தள்ளுவேன். வகுப்பே சிரிக்கும். அடுத்த ஆண்டு வேறு ஒருவன் அதே கேள்வியைக் கேட்பான்.

இந்த ஆண்டு அந்தக் கேள்வி வந்தபோது நான் பொரியவில்லை. "உட்காரு" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் அண்ணன் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று விசாரிப்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். திண்டுக்கல்லில், பேகம்பூருக்கு அடுத்த தெருவில், அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். கீழே அண்ணனும் மதினியும். அவர்கள் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அண்ணன் பூ மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. விடிகிற நேரத்தில் அவர் மல்லிகைக்கு விலை கூவினால் வெளியே ரோட்டில் நிற்கிற பஸ்காரருக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். வீட்டிலும் அதே தொண்டைதான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், "ஏ, குரங்கு டீச்சரம்மா வந்தாச்சு, காபி போடு" என்பது தெருக்கோடி வரை கேட்கும்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, மார்க்கெட்டில் நிற்க இடமில்லாத ஒரு காலையில், ஏலம் கூவிக்கொண்டிருந்தவருக்கு வார்த்தை குழறியது. யாரும் கவனிக்கவில்லை. ஏலத்தில் யார் வார்த்தைதான் தெளிவாக இருக்கிறது? வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பூ மூட்டை மேல் சரிந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்க முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். முதல் இரண்டும் எங்களுக்குப் புரிந்தது. மூன்றாவதைக் கேட்டு மதினி, "முழுங்குறது கூடவா சார் மறந்துபோகும்? பச்சப் பிள்ளைக்கே தெரியுமே" என்றார்.

பச்சைப்பிள்ளைக்குத் தெரியும். அதுதான் விஷயமே. பால் குடிக்கிற குழந்தையின் குரல்வளை மேலே, மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டே மூச்சு விடலாம். மனிதக் குரங்குகளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். நம் முன்னோர் நிமிர்ந்து நடந்து, நெருப்பைப் பிடித்து, வெந்ததைத் தின்னப் பழகி, தாடை சிறுத்து, நாக்கு பின்னால் போய், கடைசியில் குரல்வளை கீழே இறங்கியது. இறங்கியதால் தொண்டைக்குள் இடம் கிடைத்தது, அந்த இடத்தில்தான் பேச்சு பிறந்தது என்று பாடம் சொல்கிறது. ஆனால் இறங்கியதில் ஒரு வம்பு. சோறு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் குறுக்கே வெட்டிக்கொண்டன. ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த நொடியில் வாசலை ஒரு சின்ன மூடி அடைக்கவேண்டும். இதைப் போர்டில் படம் போட்டு, பாகம் குறித்து, முக்கியமான கேள்வி என்று கோடு போடச் சொல்லி எத்தனையோ ஆண்டு நடத்தியிருக்கிறேன். அண்ணனின் ஏலக்குரல் அந்த இறங்கிய குரல்வளையில் வந்தது. அந்த மூடியும் அங்கேதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து போயின.

விழுங்கவும் பேசவும் பயிற்சி கொடுக்க ஒரு தெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பக்கம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டாலும் சொல்வதைக் கறாராகச் சொல்வாள். "வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக்கூடாதுங்க. குடுத்தா அது வயித்துக்குப் போகாதுங்க, நேரா நுரையீரலுக்குத்தான் போகும். குழாய்ல மட்டும் விடுங்க, தலைய உசத்தி வச்சு விடுங்க." நானும் மதினியும் தலையாட்டினோம்.

அரிசிக்கஞ்சி, பருப்புத் தண்ணி, இளநீர், மிக்ஸியில் அரைத்து இரண்டு முறை வடிகட்டிய காய். சிரிஞ்சை உயரப் பிடித்தால் அது மெதுவாக இறங்கும். காலையில் நான் பிடிப்பேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் என் புத்தி நான் பாடம் நடத்தும் ஆதி மனிதர்களிடம்தான் போகும். அவர்கள் நாள் முழுவதும் வாய்க்காகவே நடந்தவர்கள். கிழங்கு தோண்டி, கொட்டை உடைத்து, சிங்கம் தின்றுவிட்டுப் போன மிச்சத்துக்காகக் கழுகோடும் கழுதைப்புலியோடும் மல்லுக்கட்டி, மிஞ்சிய எலும்பைக் கல்லால் தட்டி உள்ளே இருக்கிற மஜ்ஜையை உறிஞ்சினார்கள். தின்பதற்கு அத்தனை பாடு. அண்ணனுக்குச் சோறு பக்கத்து அறையில் இருக்கிறது, பல் எல்லாம் உறுதியாக இருக்கிறது, தொண்டையைத் தாண்டத்தான் வழியில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது. சிரிஞ்சைக் கழுவும்போது கஞ்சிக் கிண்ணத்தை நங்கென்று வைப்பேன்.

மதினி தாளிப்பதை நிறுத்திவிட்டார். கடுகு, கருவேப்பிலை வாசம் வந்தால் அண்ணன் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று. அவர் சின்னாளபட்டியில் தறிச்சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர். அந்தச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியவர், இப்போது வீட்டில் கிசுகிசுவென்று பேசினார்.

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேசிப் பேசியே அண்ணனுக்கு அடிக்கடி புரை ஏறும். உடனே மதினி ஓடிவந்து உச்சந்தலையில் தட்டுவார். "யாரோ நெனைக்கிறாக." பிறகு யார் நினைக்கிறார்கள் என்று ஆராய்ச்சி நடக்கும். ஒவ்வொரு பேராகச் சொல்ல வேண்டும், எந்தப் பேரில் இருமல் நிற்கிறதோ அவர்தான். "நெய்க்காரப்பட்டி அத்தை?" நிற்காது. "வாங்குன காசக் குடுக்காத பூக்காரன்?" அண்ணன் சிரித்துச் சிரித்து இன்னும் இருமுவார். தலையில் தட்டினால் மூச்சுக்குழாயில் போனது எப்படி வெளியே வரும் என்று நான் ஒருமுறை கேட்டு வைத்தேன். "ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு பாடம்" என்று முடித்துவிட்டார்கள். புரை ஏறினால் கெடுதல், ஏறாவிட்டால் நல்லபடி இறங்கிவிட்டது. இதுதான் அந்த வீட்டு விஞ்ஞானம். என் விஞ்ஞானமும் அதைத் தாண்டி அதிகம் யோசித்ததில்லை.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அண்ணனின் மூச்சு வேகமாக இருந்தது. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். தொட்டால் சுட்டது. ஆட்டோ பிடித்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் டாக்டர். "வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல சார், ஒண்ணுமே குடுக்கல" என்றார் மதினி.

"தண்ணி?"

"சத்தியமா இல்ல சார்." சேலை முந்தானையைக் கையில் சுற்றினார். "காலையில ரெண்டு கரண்டி காபி மட்டும்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போகிறவர்கள்கூடக் காபியைக் குடித்துவிட்டு, "ஒண்ணும் சாப்பிடலம்மா" என்று கையை நீட்டுவார்கள். காபி சாப்பாட்டுக் கணக்கிலும் வராது, தண்ணீர்க் கணக்கிலும் வராது. அது காபி.

வராந்தாவுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. "அந்தப் பொண்ணு சொன்னப்ப தலைய ஆட்டினீங்கள்ல? ஒரு சொட்டுக்கூடன்னு சொன்னாளா இல்லையா? ஆள் செத்துப்போனா காபி போட்டு எழுப்புவீங்களா?"

"நாக்கு காஞ்சு வறட்டியாட்டம் கெடந்துச்சும்மா. காபி வாசத்துக்கு அப்படியே என்னையப் பாத்தாரு. எனக்குப் பொறுக்கல." மதினியின் குரல் உடைந்தது. "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு புரை ஏறியிருந்தாக்கூட நிப்பாட்டியிருப்பேன். ஏறவே இல்லையேம்மா. நல்லாத்தானே முழுங்குனாரு."

மறுநாள் தெரபிஸ்ட் வந்து பார்த்தாள். மதினி சொன்னதைக் கேட்டு அவள் திட்டவில்லை. "ஏறாததுதானுங்க ஆபத்து. உள்ள போறது தெரிஞ்சாத்தானே ஒடம்பு இருமித் தள்ளும். இவருக்கு அது மரத்துப் போச்சுங்க. சத்தமே இல்லாம உள்ள போயிட்டே இருந்திருக்குது." அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த அறையின் அமைதியே பயமாக இருந்தது. அத்தனை காலை அந்த வீட்டில் யாரும் இருமவில்லை என்று நானும் மாடியில் நிம்மதியாகப் பல் துலக்கியிருக்கிறேன்.

காய்ச்சல் இறங்க ரொம்ப நாள் எடுத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: மூக்குக் குழாயை இப்படியே வைத்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த முறை பார்க்கும்போதும் விழுங்க வரவில்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம். அதற்குப் பிறகு வாயால் சாப்பிடுவது அநேகமாக இருக்காது. அண்ணனுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகக் கேட்டது. தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். போதும்ணே என்று நான் கன்னத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

நான் மதினியோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கஞ்சி வடித்தாயிற்றா, மாத்திரை பொடித்தாயிற்றா என்று சுவரிடம் கேட்பேன். அவர் சுவரிடம் பதில் சொல்வார். அவர் செய்தது அன்பினால் என்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. அந்த நெஞ்சின் களகளச் சத்தம் காதைவிட்டுப் போனால்தானே.

பயிற்சி மும்முரமானது. குளிர்ந்த பஞ்சால் தொண்டையில் ஒற்றி எடுப்பது, நாக்கை நீட்டுவது, ஊதுவது, எச்சிலை முயன்று விழுங்குவது, 'ஆ' என்று இழுப்பது. 'ஆ' வரவில்லை, காற்றுதான் வந்தது. தெரபிஸ்ட் சொன்னால் செய்வார். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு மத்தியானம் இடது கையால் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். நர்ஸ் வந்து மறுபடி போட்டு முடிக்கும்வரை அவர் கையை நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து நான் அண்ணனைப் பார்த்து, "சொன்னாக் கேக்க மாட்டியா" என்று ஒருமையில் கத்தியது அன்றுதான். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கும்.

அந்த வாரம் வகுப்பில் ஓர் ஆதிகாலக் கிழவரைப் பற்றி நடத்தினேன். தொலைதூர மலைநாடு ஒன்றில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மண்டையோடு, பதினெட்டு லட்சம் ஆண்டுக்குக் கிட்டே பழையது. பல் எல்லாம் விழுந்து, பல் இருந்த குழிகள் எலும்பு வளர்ந்து மூடியிருந்தன. பல் போன உடனே செத்திருந்தால் குழி மூடியிருக்காது. அப்படியானால் பல்லில்லாமலே சில ஆண்டு வாழ்ந்திருக்கிறார். சமைக்கத் தெரியாத காலம். கல்லால் நசுக்கியோ, மஜ்ஜை எடுத்துக் கொடுத்தோ, யாரோ அவரைத் தின்னவைத்திருக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், அவங்களுக்கே சாப்பாடு கெடைக்காது. புலி வேற வரும். அவர விட்டுட்டுப் போயிருந்தா ஈசிதானே மிஸ்? ஏன் விட்டுட்டுப் போகல?"

பாடத்தில் அதற்குப் பதில் இல்லை என்றேன். திரும்பி நின்று வெறும் போர்டை நான் அழித்துக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். அதன்பின் அந்தப் பீரியட் முழுவதும் ஒருவரும் சேட்டை செய்யவில்லை.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் தெரபிஸ்ட் வந்து, "இன்னைக்கு ஒரு கரண்டி குடுத்துப் பாத்துருவோங்க" என்றாள். சிறுமலை வாழைப்பழம் ஒன்றை மதினி கட்டியில்லாமல் பிசைந்து கொண்டுவந்தார். கிண்ணத்தை என்னிடம் தராமல் மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றார். அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்தோம். தெரபிஸ்ட் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்தாள். மற்ற கையின் விரல்களை அவர் தொண்டைமேல் வைத்தாள்.

"தாடைய நெஞ்சோட ஒட்டுங்க. இப்ப முழுங்குங்க. பலமா."

அண்ணனின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் குரல்வளை அசைந்து, தயங்கி, மேலே ஏறி இறங்கியது. பிறகு ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. முன்பென்றால் அப்பாடா என்றிருப்போம். இப்போது அந்த அமைதியில் அது எந்தப் பக்கம் போனது என்று யாருக்குத் தெரியும்? தெரபிஸ்ட்டின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவர் கழுத்தருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணன் இருமினார்.

சின்ன இருமல் இல்லை. உடம்பே குலுங்க, கண் பிதுங்க, விடாமல் இருமினார். மதினி "ஐயோ" என்று ஓடிவந்து தலைமேல் கையை ஓங்கினார். தெரபிஸ்ட் அந்தக் கையைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டாள். "தட்டாதீங்க! விடுங்க, இருமட்டும்! நல்லா இருமுங்கண்ணா, இன்னும் இருமுங்க!" அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "புரை ஏறுதுங்க அக்கா. ஏறுறது தெரியுதுங்க அவருக்கு. அதுதானே நமக்கு வேணும்!"

ஒருவருக்குப் புரை ஏறியதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். மதினிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருமல் அடங்கியது. இரண்டாவது கரண்டி கொஞ்சம் சிறியதாக. தாடை ஒட்டியது, குரல்வளை ஏறி இறங்கியது, இருமல் இல்லை. "இப்ப ஏதாவது சத்தம் குடுங்கண்ணா. குரல் தெளிவா வந்தாச் சரியா எறங்கிருச்சுன்னு அர்த்தங்க. தண்ணிக்குள்ளாற பேசற மாதிரி கேட்டா மேலயே நிக்குதுன்னு அர்த்தம். 'ஆ' சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். காற்று வந்தது. மூடினார். மறுபடி திறந்தார். 'ஆ' இல்லை. நெற்றியில் வேர்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஆன்னு சொல்லுண்ணே, வாயத் தொறந்து சொல்லு" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தது பல வாரங்களில் அதுதான் முதல் தடவை.

"அவ," என்றார். கட்டைக்குரல், உடைந்த குரல், ஆனால் ஈரமில்லாமல் காய்ந்த குரல். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "அவ... சாப்டாளா?"

தெரபிஸ்ட் கைதட்டினாள். தெளிவாக இருக்கிறது, இறங்கிவிட்டது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், டாக்டரிடம் நானே சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டது என்னிடம், பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மதினி தட்டில் சோறு போட்டு உட்கார்ந்ததை நான் பார்த்த ஞாபகமே இல்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும். தரையில் உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தலையில் வைத்திருந்த கை இளைத்து, வளையல் முழங்கை வரை இறங்கி நின்றது.

"இல்லண்ணே," என்றேன். "சாப்டல."

அண்ணன் இடது கையை மெதுவாகத் தூக்கி அடுப்படியைக் காட்டினார். நான் எழுந்து போய்த் தட்டை எடுத்தேன்.